கம்பியில்லாப் படமேற்றலில் அத்தை கட்சியும் மருமகன் கட்சியும்: ஓர் ஆய்வு

இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட சிக்கல் ஒன்றே. கைப்பேசியில் இருக்கும் படத்தை ஸ்மார்ட் டிவியில் ஏற்றும்போது, கைப்பேசியை டிவிக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்பது அத்தை கட்சி. வேண்டாம் என்பது மருமகன் கட்சி. இரண்டும் வாய்மொழி மரபாகவே வாழ்ந்துவருகின்றன. ஒரே ஹாலில், ஒரே சோபாவில், ஒரே நேரத்தில்.

ஆய்வு எல்லை, தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் ஹால். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு டிவி என்று இருப்பவர்கள் விலக்கப்படுகிறார்கள். தனியாக வாழ்பவர்களும் அப்படியே. “வரலையே” என்று பின்னாலிருந்து சொல்ல ஒருவர்கூட இல்லாத வீட்டில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. முறைப்படி முதல், கரு, உரி சொல்லிவிடுவோம். நிலம், ஹால். பொழுது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பின். கருப்பொருள், ரவுட்டர், சார்ஜர், பிளாஸ்டிக் உறை கழற்றாத ரிமோட். உரிப்பொருள், வட்டம் சுற்றலும் சுற்றல் நிமித்தமும்.

களஆய்வில் கிடைத்த உரையாடல் ஒன்றை அப்படியே தருகிறேன். கல்யாணப் போட்டோக்களைக் குடும்பத்துக்கே காட்ட அத்தை முன்வந்திருக்கிறார். டிவிக்கு இரண்டடி தள்ளி நிற்கிறார். இரு கையாலும் ஃபோனை ஏந்தியிருக்கிறார். கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது திரையைத் தொடுகிறது.

“அத்தே, உக்காருங்க. ஃபோனைக் கீழ வைங்க.”

“வச்சா நின்னுடும்டா.”

“நிக்காது அத்தே. அது வைஃபைல போகுது.”

“வைஃபை ஃபோன்லதானே இருக்கு?”

இந்தக் கடைசி வினாவை மருமகன் கட்சியினர் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். ஆய்வாளன் அப்படிக் கடக்கலாகாது. அத்தையின் நிலைப்பாடு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த பல ஆண்டுகளுக்கு இங்கே படம் பார்ப்பது என்பது மொட்டை மாடியில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், ஹாலில் ஒருவர் என்று மூவர் சேர்ந்து செய்த வேலை. மாடியில் இருப்பவர் கையில் யாகி ஆன்டெனா. யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியர் 1926இல் உருவாக்கிய மீன்முள் வடிவக் கம்பி. அது நிலையத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காற்றடித்தாலோ காக்கா உட்கார்ந்தாலோ திரும்பிவிடும். “இப்ப?” “போச்சு!” “இப்ப?” “லேசா வருது… ஆ, அங்கேயே நில்லு!” இலங்கையில் 1982இல் ரூபவாஹினி வந்தபின், தென்கடலோர ஊர்களில் அதே கம்பியைக் கடல்பக்கம் திருப்பி இலங்கையைப் பிடித்தவர்கள் உண்டு. டிவி மேலேயே வைக்கும் இரண்டு கொம்பு ஆன்டெனாவில் கொம்பைக் கையால் பிடித்தால் படம் தெளியும், விட்டால் மங்கும். அது பிரமை இல்லை. மனித உடம்பும் மின்காந்த அலையை வாங்கும். கொம்போடு சேர்ந்து அதுவும் ஆன்டெனாவாக வேலை செய்யும்.

ஆக, படம் தெரிய வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர் அசையாமல் நின்றாக வேண்டும் என்பது அத்தைக்கு மூடநம்பிக்கை இல்லை. கண்ணால் கண்ட பௌதிகம். “அங்கேயே நில்லு” என்று அன்று அவருக்குக் கட்டளையிட்டவர் மருமகனின் அப்பா. இதை மருமகன் கட்சியினர் கணக்கில் எடுப்பதில்லை.

இனி மருமகன் கட்சியின் நூல். ஆப்பிளின் ஏர்பிளே 2010இல் வந்தது. வைஃபை கூட்டணி மிராகாஸ்ட் என்ற முறையை 2012இல் கொண்டுவந்தது. கூகுள் 2013 ஜூலையில் 35 டாலர் விலையில் குரோம்காஸ்ட் என்ற குச்சியை விட்டது. டிவியின் பின்னால் செருகினால் போதும். பிறகு இந்த வித்தைகளெல்லாம் டிவிக்குள்ளேயே போய்விட்டன. இவற்றைப் பற்றி ஹாலில் நடக்கும் சண்டைகளுக்கு மூலகாரணம், இவை எல்லாம் ஒன்று என்று எல்லோரும் நினைப்பது. அடிப்படையில் இவை இரண்டு.

காஸ்ட் செய்யும்போது கைப்பேசி படத்தை அனுப்புவதே இல்லை. இந்தப் படம் இந்த முகவரியில் இருக்கிறது என்று டிவிக்கு ஒரு வரி சொல்கிறது. அதோடு சரி. டிவி நேரே இணையத்துக்குப் போய் எடுத்துக்கொள்கிறது. மிரரிங் செய்யும்போது நிலைமை வேறு. கைப்பேசி தன் திரையில் தெரிவதை நொடிக்குப் பல தடவை படம்பிடித்து, சுருக்கி, அலையில் ஏற்றி டிவிக்கு ஓயாமல் அனுப்புகிறது. விருந்தாளிக்கு பரோட்டா வேண்டும் என்றால், கடை இருக்கும் தெருவைச் சொல்லி அனுப்பிவிடுவது காஸ்ட். வீட்டிலேயே மாவு பிசைந்து, வீசி, கல்லில் போட்டு, ஒவ்வொன்றாக இலைக்குக் கொண்டுவந்து வைப்பது மிரரிங். இரண்டாவதில் ஃபோன் சூடாவதும் பேட்டரி சரசரவென்று இறங்குவதும் இதனால்தான்.

இப்போது சிக்கலுக்குத் திரும்பலாம். காஸ்ட் என்றால் மருமகன் சொல்வதே சரி. ஃபோனைக் கீழே வைக்கலாம், பூட்டலாம், பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம். படம் பாட்டுக்கு ஓடும். மிரரிங் என்றால்? அத்தை காட்டியது யூடியூப் இல்லை, கேலரியில் இருந்த போட்டோக்கள். வீடியோ ஓடும்போது ஃபோன் திரை தானாக அணையாது. போட்டோவை வெறுமனே திறந்து வைத்திருந்தால் அணையும். பல ஃபோன்களில் 30 விநாடி. திரை அணைந்தால் பெரும்பாலும் டிவியிலும் படம் போய்விடும். கட்டைவிரல் தொட்டுக்கொண்டே இருந்தது அதனால்தான். “வச்சா நின்னுடும்” என்று அத்தை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. மிராகாஸ்ட் பல இடங்களில் ரவுட்டரைத் தொடாமல் ஃபோனிலிருந்து நேரே டிவிக்குப் போவதால், “வைஃபை ஃபோன்லதானே இருக்கு?” என்ற வினாவும் குற்றமற்றது. ஃபோனோடு சமையலறைக்குப் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டடி தூரம் மட்டும் மிகை. சோபாவிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மருமகன் கட்சிக்கு இன்னொரு மந்திரமும் உண்டு. எது வராவிட்டாலும் “ஒரே வைஃபைல இருக்கா?” என்பார்கள். நல்ல மந்திரம்தான், காரணம் தெரிந்து சொன்னால். காஸ்ட் பொத்தானைத் தொட்டதும் ஃபோன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, “இங்கே டிவி யாராவது இருக்கிறீர்களா?” என்று ஒரு குரல் கொடுக்கிறது. அந்தக் குரல் வீட்டு வலையமைப்பைத் தாண்டாது. வைஃபை மந்தமானதும் ஃபோன் யாருக்கும் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் கேட்காது. விருந்தாளிகளுக்கென்று மருமகனே பெருமையாகத் தனி வைஃபை திறந்து வைத்திருந்தால், அதில் சேர்ந்த அத்தையின் குரலும் டிவிக்கு எட்டாது. மாடிக்கென்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டிய வீடுகளில் மேலே ஒரு நாடு, கீழே ஒரு நாடு. எல்லைப் பிரச்சினை.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் ஆராய வேண்டும். வாஸ்து பார்த்துப் பூஜையறையும் சமையலறையும் வைத்த வீட்டில், ரவுட்டரின் இடத்தை மட்டும் ஃபைபர்காரர் சுவரில் துளை போட்ட இடம் தீர்மானிக்கிறது. செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, பரணுக்குக் கீழே, பீரோவுக்குப் பின்னே. 5 கிகாஹெர்ட்ஸ் அலை தரவை வேகமாகக் கொண்டுபோகும், கான்கிரீட் சுவரில் மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான், 1, 6, 11. அடுக்குமாடியில் எல்லா வீடும் அந்த மூன்றில்தான் இடித்துக்கொண்டு நிற்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசை. மதியச் சாப்பாட்டைச் சூடு பண்ணும்போது படம் திக்கினால் டிவியைத் திட்ட வேண்டாம்.

ஃபைபர் இல்லாத வீடுகளில் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் டிவியைச் சேர்ப்பது வழக்கம். இங்கே கணக்கு கறாரானது. முழு எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 1.5 ஜிபி பேக் சுமார் 40 நிமிடத்தில் தீரும். தமிழ்ப் படத்துக்கு அது இடைவேளைகூட இல்லை. வில்லன் அப்போதுதான் அறிமுகமாகியிருப்பான்.

இனி “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு” மரபினர். எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் சித்தப்பா. இவரது முறை பல நேரம் பலிக்கும். ஆனால் 2025 மார்ச்சில் இந்த மரபுக்கு ஒரு பலத்த அடி விழுந்தது. இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நம்பத்தகாத கருவி என்று அறிவிக்கப்பட்டு வேலையை நிறுத்தின. காரணம், உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் பத்து ஆண்டு கெடு முடிந்து காலாவதியானதுதான். கூகுள் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தது. அதற்குள் பொறுமையிழந்து தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்தவர்களுக்குத்தான் கூடுதல் அவதி. எதையும் தொடாமல் விட்டவர்களுக்குத் தானாகவே சரியாயிற்று. சும்மா இருப்பதும் ஒரு தொழில்நுட்பம் என்பதை சித்தப்பா மரபினர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மிரரிங்கில் ஒழுக்கவியல் சிக்கலும் உண்டு. ஃபோனில் தெரிவதெல்லாம் டிவியில் தெரியும். போட்டோ நடுவே வங்கியிலிருந்து இருப்புத்தொகை வந்து நிற்கும். குழுவிலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியே செய்தி வரும். அதேசமயம், காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி படத்தை மிரரிங் செய்தால் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருப்பது சகஜம். திருட்டுப் பதிவைத் தடுக்கச் செயலி செய்யும் காவல் அது. குடும்பத்தின் மானத்துக்கு இல்லாத பாதுகாப்பு படத்துக்கு இருக்கிறது. இன்னொன்று, மிராகாஸ்ட் பட்டியலில் பக்கத்து வீட்டு டிவியும் வந்து நிற்கும். பெயரைப் பார்க்காமல் தொட்டால் அவர்கள் சீரியலுக்கு நடுவே அனுமதி கேட்டு உங்கள் ஃபோன் பெயர் தோன்றும். ஃபோனுக்கு நீங்கள் விளையாட்டாக என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

காஸ்டிலும் கலகம் இல்லாமல் இல்லை. ஒரே வைஃபையில் இருக்கும் மற்ற ஆண்ட்ராய்டு ஃபோன்களில், அந்த வசதி ஆனில் இருந்தால், ஹாலில் ஓடும் படத்தை நிறுத்தும் பொத்தானும் வரும். உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் பிள்ளை அங்கிருந்தே சீரியலை நிறுத்தலாம். ஹாலில் நெட் ஸ்லோ என்று முடிவு கட்டுவார்கள். ரிமோட்டை வைத்திருப்பவரே வீட்டுத் தலைவர் என்ற பழைய அரசியல் இங்கே முடிந்துபோனது.

ஆய்வின் முடிவு வருமாறு. கேலரி, போட்டோ, மிரரிங் என்றால் தீர்ப்பு அத்தை பக்கம். யூடியூப், காஸ்ட் பொத்தான் என்றால் தீர்ப்பு மருமகன் பக்கம். எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று கேட்காமல் சிரிப்பவர் தோற்றவராகக் கருதப்படுவார்.

கடைசியாகக் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு இரண்டு கட்சியையும் சங்கடப்படுத்தும். யூடியூப் அந்த ஸ்மார்ட் டிவிக்குள்ளேயே இருக்கிறது. ரிமோட்டின் அம்புக்குறியால் எழுத்து எழுத்தாக நகர்ந்து பாட்டின் பெயரைத் தட்டப் பொறுமையில்லாமல்தான் இத்தனை பாடு. அதற்கும் வழி உண்டு: டிவி யூடியூபின் அமைப்புகளுக்குப் போனால், டிவி குறியீட்டால் இணைப்பதற்கென்று 12 இலக்க எண் ஒன்று காட்டும். அதை ஃபோன் யூடியூபில் ஒரு தடவை பதிந்துவிட்டால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எண் நீளம், ஒருவர் படிக்க, ஒருவர் தட்டவும்.