கால் பங்குக் குற்றவாளி

என் மகனுடைய வண்டியின் பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கில் வெள்ளை எழுத்தில் ‘1200 எல்பிஎஸ்’ என்று போட்டிருந்தது. அந்த ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க 1200 பவுண்டு, அதாவது 544 கிலோ வேண்டும் என்று அர்த்தம். என் மகன் 24 கிலோ. அவன் வகுப்பில் பாதிப் பேரைத் திரட்டி நேராக அதன் தலையில் நிற்க வைத்தால்தான் ஸ்பிரிங் கொஞ்சம் யோசிக்கும்.

வண்டி 49 சிசி, டூ ஸ்ட்ரோக். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கியர் கிடையாது. சீட் என் முழங்கால் உயரம். மேடு பள்ளத்தில் தாவி ஓட்டுகிற மோட்டோகிராஸ் பந்தய வண்டியின் குழந்தைப் பதிப்பு. மகனின் பிறந்தநாளுக்கு என் மச்சினன் வாங்கி வந்தான். பரிசு மாப்பிள்ளைக்கு, ஆசை மாமனுக்கு. அவன் எடை 92 கிலோ. தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால் வரப்பில் ஏற்றி, “மாமா, போட்டோ எடுங்க” என்று கத்திக்கொண்டே தாவினான். போட்டோ நன்றாக வந்தது. இறங்கும்போது ‘டக்’ என்றது. ஷாக்கின் கீழ்க் கண், போல்ட் மாட்டுகிற அந்த வளையம், இரண்டாகப் பிளந்து, சீட் பின் டயர்மேல் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் ஊர் மெக்கானிக் பார்த்தார். எந்த வண்டியைப் பார்த்தாலும் சீட்டில் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்ப்பது அந்தத் தொழிலின் முதல் சோதனை. இதில் குதிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதில் அவருக்குப் பெரிய ஏமாற்றம். “ஸ்கூட்டி ஷாக்கு போட்டுரலாமுங்க” என்றார். ஸ்கூட்டர் ஷாக்கின் நீளத்துக்கு இந்த வண்டி மூக்கால் மண்ணை முகர்ந்துகொண்டுதான் போகும். இன்னொருவர் வெல்டு வைக்கச் சொன்னார். அதற்காகத்தான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். மச்சினனும் கூட வந்தான், குற்றவாளிக்குரிய அடக்கத்தோடு.

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உடைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்ப்பு அலுமினியம். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்து, மங்கி, எண்ணெய் அழுக்கு ஏறிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு பிறை அளவு மட்டும் சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரிப் பொடிப்பொடியாக மின்னியது.

“இங்க பாருங்க. இந்தக் கறுப்பு பழசுங்க. விரிசல் விட்டு ரொம்ப நாளாச்சு, அழுக்கு உள்ள போயிருக்குது. இந்தப் பளபளப்பு மட்டுந்தான் புதுசு.”

மச்சினன் நிமிர்ந்தான். “அப்ப நான் கால் பங்குதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க தம்பி.”

கோர்ட்டில் விடுதலையானவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். வீடு வரும்வரை அவன் வாயில் ஒரே கேள்விதான்: மீதி முக்கால் யாரு?

வெல்டுக்குப் பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “வெக்கறதுன்னா இப்பவே வெச்சிருவனுங்க. கொழந்தை ஏறற வண்டி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவத்தை எந்த லேத்துல போட்டுக் கடையறதுங்க?” வேறு வழியை அவரே சொன்னார். பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் வருகின்றன அல்லவா, அதன் ஷாக்கும் இதுவும் ஏறக்குறைய ஒரே சாதி. ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு அளந்து, அதே நீளத்தில் சைக்கிள் கடையில் கேட்கச் சொன்னார்.

கிடைத்தது. அதில் 750 எல்பிஎஸ் என்று போட்டிருந்தது. குறைவாக இருக்கிறதே என்று மச்சினன் முகம் சுளித்தான். உண்மையில் அதுதான் நல்லது. ஷாக்கின் கீழ்முனை சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லை. சக்கரத்தைத் தாங்குகிற பின் கையின் நடுவில் எங்கோ மாட்டியிருக்கிறது. அதனால் சக்கரத்தில் விழுகிற பாரம் நெம்புகோல் கணக்கில் இரண்டு, இரண்டரை மடங்காகித்தான் ஷாக்குக்குப் போகும். அப்படிப் பெருக்கியும் என் மகன் உட்கார்ந்தால் பழைய ஸ்பிரிங் மூன்று மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. இத்தனை நாள் அது ஷாக் அப்சார்பர் அல்ல, சிவப்புப் பெயின்ட் அடித்த கம்பி. இறங்காத ஸ்பிரிங் அதிர்ச்சியை எல்லாம் அப்படியே கண்ணுக்கு அனுப்பியது, கண் விரிசல் விட்டது.

புது ஷாக்கின் ஓட்டை 8 மில்லி, வண்டி போல்ட் 10 மில்லி. பட்டறைக்காரர் அதன் கண்ணுக்குள் இருந்த புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டுக் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து கொடுத்தார். போல்ட்டை விட்டால் ஆடவும் இல்லை, இறுகவும் இல்லை. எண்ணெய் நிரப்பிய டேம்பர் இதிலும் கிடையாது. குதித்தால் அடங்க இரண்டு குதி கூடுதலாகும். சிறுவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

மோட்டோகிராஸ் வண்டிகளின் பின் சக்கரத்துக்கு ஒற்றை ஷாக் வந்ததற்கே ஓர் அப்பாதான் காரணம். பெல்ஜியத்து எஞ்சினியர் லூசியன் டில்கன்ஸ், மோட்டோகிராஸ் ஓட்டுகிற தன் மகனுக்காக இதைச் செய்து பார்த்தார். யமஹா அதை வாங்கியது. 1973-இல் ஹோகன் ஆண்டர்சன் என்ற வீரர் அதே ஏற்பாட்டில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். டில்கன்ஸுக்கு 92 கிலோவில் மச்சினன் இருந்ததாக வரலாற்றில் குறிப்பில்லை.

முக்கால் பங்குக்கு வருவோம். வீட்டில் விசாரணை வைத்தோம். நான் சந்தேகப் பட்டியலிலேயே இல்லை. அதில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்து வண்டி திரும்பாது. மனைவி முறைத்த முறைப்பில் அடுத்த கேள்வி எழவில்லை. கடைசியில் மகன்தான் சாட்சி சொன்னான். “அப்பாருதான் தெனமும் காலைல பால் ஊத்தறதுக்கு எடுத்துட்டுப் போவாரு.”

என் அப்பா. வயது 71, எடை 58. விடியும் முன்னே தூக்குப்போசியை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, கல்லும் வேருமாகக் கிடக்கிற இட்டேரி வழியாகச் சொசைட்டிக்குப் போய் வந்திருக்கிறார். ஒரே அடியில் உடையாத உலோகம் சின்னச் சின்ன அடி ஆயிரம் வாங்கினால் விரிசல் விடும். இட்டேரி அந்த ஆயிரத்தைத் தவறாமல் கொடுத்திருக்கிறது. “நான் ஒண்ணும் இவனாட்டக் குதிக்கலியே” என்றார் அப்பா. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ரோட்டில் வண்டி ஓட்டினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பேரன் வண்டியைத் தாத்தா ஓட்டினால் யாரைப் பிடிப்பது என்று அதில் எழுதவில்லை.

35 கிலோவுக்கு மேல் யாரும் ஏறக்கூடாது என்பது பட்டறைக்காரர் உத்தரவு. மகன் தேங்காய்ப் பருப்பு நிறுக்கிற தராசை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டான். அப்பா செருப்போடு ஒருமுறை, செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏறிப் பார்த்தார். மச்சினன் தராசுப் பக்கமே வரவில்லை. 150 சிசியில் இதே மாதிரி வண்டி இருக்கிறதாம். மாப்பிள்ளையின் அடுத்த பிறந்தநாளுக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்கிறான்.