நடுச்சாமத்தில் மூன்று ரொட்டி

தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கேட் என்றால் அது துரை பங்களாவில் இருக்கும் சாமான். லயத்தில் ஏது கேட்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் கூரையைத் தொடாமல் நின்றுவிட்ட ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறாயுசு" என்போம். "அத்தே, கொஞ்சம் உப்பு" என்று குரல் நம் காதில் விழும்போது, ஆள் அடுப்படிக்கு வந்து உப்பை எடுத்துக்கொண்டு பாதி வழி திரும்பியிருக்கும். இடைஞ்சல் என்று உலகத்தில் ஒன்று இருப்பது தெரியாமலே நாங்கள் வளர்ந்தோம்.

தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வுபெற்று, பசறை வீதியோரம் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியபோது, நான் ஆசைப்பட்டுச் செய்த முதல் காரியம் இரும்புக் கேட் போட்டது. போட்ட மறுநாளே இடைஞ்சல்கள் ஆரம்பமாகிவிட்டன. புதிதாக யாரும் வரவில்லை, அதே ஆட்கள்தான். ஆனால் இப்போது ஒவ்வொருவரும் சத்தத்தோடு வந்தார்கள். கொளுக்கியைத் தூக்கி இரும்பில் அடித்து, "மாஸ்டர் இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். முகத்தில் பாதி சவரம் முடிந்த நிலையில் இஸ்தோப்பில் நிற்கிற மனிதனைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி.

வருகிற நேரத்தைச் சொல்ல வேண்டும். காலையில் வீரகேசரியை விரித்து வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் தேவலை என்று உட்கார்ந்திருப்பேன். ஈ, காக்கை வராது. அந்திக்கு நானும் மனைவியும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, செபமாலையில் மூன்றாம் தேவ இரகசியத்துக்கு வந்திருப்போம். கேட் கணகணக்கும். இதில் சதி ஒன்றும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. மலையில் கடைசிக் கொழுந்தை நிறுத்து, கூடையை இறக்கி, பீலியில் முகம் கழுவி, பஸ் பிடித்து இறங்கி வந்தால் ஆறு மணி. கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வருகிறது. எரிச்சல் கணக்குப் பார்த்து வருவதில்லை.

வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு காக்கி உறை இருக்கும். உள்ளே சிங்களத்தில் ஒரு கடிதம். "நல்ல சேதியா கெட்ட சேதியான்னு மட்டும் சொல்லுங்க மாஸ்டர், ஒரு நிமிசம்" என்பார்கள். அந்த ஒரு நிமிசத்தில் இரண்டு தேத்தண்ணி போகும்.

ஒருநாள் மேல்தோட்டத்து ஆயா ஒருவர் வந்தார். பென்சன் வயதாகி, ஈ.பி.எப். காசு எடுக்க வேண்டும். மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை. அதற்குள் றப்பர் பட்டி போட்ட ஒரு கட்டு. பிறப்புச் சான்றிதழில் பழனியம்மா. அடையாள அட்டையில் பலனியம்மா, ஏனென்றால் சிங்கள எழுத்தில் ழகரம் கிடையாது. தோட்டத்துச் செக்ரோலில் பழனியாய். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆயாதான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதுல நான் யாரு மாஸ்டர்?"

"மூணும் நீங்கதான் ஆயா."

"அப்ப காசு மூணு தரம் குடுப்பாங்களா?"

மூன்று பெயரும் ஓர் ஆளைத்தான் குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும், பிறகு போம் நிரப்ப வேண்டும் என்று விளக்கினேன். அந்த நேரம் முழுக்க உள்ளே என் மனைவி தனியாகச் செபமாலையைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு மங்கள வார்த்தைக்கும் அவள் குரல் ஒரு படி ஏறியது. எனக்கா, மாதாவுக்கா என்று தெரியவில்லை.

ஆயா போன பிறகு, "செபத்தைக் கெடுக்கறதுக்குன்னே வருதுங்க" என்றேன். மனைவி மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டுச் சொன்னாள்: "கபிரியேல் சம்மனசு மட்டும் என்ன, சொல்லிட்டா வந்துச்சு? அன்னைக்கு மாதா கேட்ட பூட்டியிருந்தா நீங்க என்ன செபம் சொல்லியிருப்பீங்க?" வேதபாடம் படிப்பித்தவளைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை.

காக்கி உறையைப் பார்த்து எங்கள் சனம் ஏன் இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948இல் வந்த ஒரு சட்டத்தால் குடியுரிமை போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். மிச்சமெல்லாம் தீர இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அது வந்தது 2003இல். ஒரு தாளில் பெயர் இருந்ததா இல்லையா என்பதை வைத்துக் குடும்பம் இரண்டாகி, ஒரு பாதி பதுளை ஸ்டேசனில் ரயில் ஏறியதைப் பார்த்த பரம்பரை இது. இன்றும் லயத்துக்குப் பெரும்பாலும் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, யார் கையிலோ இறங்கி, திகதி கடந்த பிறகு காம்பராவுக்கு வரும். அப்படி வந்த உறையைப் பிரிக்காமல் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல, கேட் வைத்தவனுக்குக்கூட வாய் வராது.

வாய் வராதே தவிர முகம் வரும். என் பிரச்சினை அங்கேதான்.

கதவைத் திறப்பது பற்றிப் பேச எங்கள் ஊவாவில் தகுதியான இடம் ஒன்று உண்டு. அப்புத்தளையில் இருக்கும் அடிசம் பங்களா. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை கருங்கல்லில் கட்டியது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆள் அதன் முன்வாசலைக் கனவில்கூட மிதித்திருக்க மாட்டான். அறுபதுகளின் தொடக்கத்தில் அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமானது. இப்போது விடுமுறை நாள்களில் சனம் வேன் வேனாகப் போய் இறங்குகிறது. படம் எடுக்கிறது, மடத்து ஜாமும் பழரசமும் வாங்குகிறது, மௌனம் காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்று சத்தமாகச் சிரிக்கிறது. சாமியார்களும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய சட்டத்தில் வாசல் காப்பவருக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அந்த வேலைக்கு விவேகமுள்ள வயோதிபர் ஒருவரைப் போட வேண்டும். ஊர் சுற்றப் போகாத வயதாக இருக்க வேண்டும். யாராவது தட்டினால், ஓர் ஏழை கூப்பிட்டால், உடனே கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு பதில் கொடுக்க வேண்டும். வயதும் முழங்கால் வலியும் எனக்கு இருக்கிறது. விவேகத்தைப் பற்றி மனைவியைக் கேட்க வேண்டும். நன்றி சொல்லும் இடத்தில்தான் சறுக்குகிறேன்.

அதே சட்டத்தில் வேறோர் அதிகாரம் எனக்குப் பெரிய ஆறுதல். வருகிற எல்லா விருந்தாளியையும் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்று சொன்ன அந்த மகான், விருந்தாளிகள் வேளை கெட்ட வேளையில் வருவார்கள், மடத்தில் அவர்களுக்குக் குறைவே இருக்காது என்பதால், மற்றத் துறவிகளுக்குத் தொந்தரவில்லாமல் தனிக் குசினி ஒன்று வைக்கவும் சொல்லியிருக்கிறார். ஆகவே வருகிறவர் கிறிஸ்துதான். ஆனால் அவர் வருகிற நேரம் சரியில்லை என்பதைப் புனிதர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மயோர்க்காத் தீவில் அல்போன்சு ரொட்ரிகஸ் என்று ஓர் இயேசு சபைச் சகோதரர் இருந்தார். கல்லூரி வாசலைக் காத்தே கிழவரானவர். ஒவ்வொரு தட்டலுக்கும், ஆண்டவரே வந்துவிட்டேன் என்றபடி ஓடுவாராம். 1617இல் செத்துப்போனவரை 1888இல் புனிதராக்கினார்கள். நியாயம்தான். ஆனால் அவர் தன் வீட்டு வாசலில் இருக்கவில்லை, அவருக்குச் செபமாலையை உரக்கச் சொல்லும் மனைவியும் இல்லை.

எங்கள் மறைமாவட்டமே ஆசீர்வாதப்பர் சபைக்காரர் ஒருவரின் கையில் தொடங்கியது. 1959 முதல் கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972 டிசம்பரில் பதுளையும் மொனராகலையும் தனி மறைமாவட்டமானபோது அதற்கு முதல் ஆயராக வந்தார். பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமடத்தைத் தொடங்கினார். அங்கே படிப்பிக்க வந்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகளார், 1980இல் புத்தளைப் பக்கம் சிங்கள பௌத்த விவசாயிகளுக்கு நடுவில் சிறு வீடு ஒன்றில் குடியேறினார். யாரும் எப்போதும் வரலாம் என்றிருந்த வீடு அது. போய்விடுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வேளையில் அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். இந்த மாகாணத்தில் வாசலைத் திறந்து வைக்கிற பேச்சு தேத்தண்ணிக் கணக்கோடு முடிகிற பேச்சு அல்ல. அதை நினைத்தால் என் எரிச்சலுக்கே வெட்கமாகிவிடுகிறது, கொஞ்ச நேரத்துக்கு.

எங்கள் பங்குச் சாமியார் வேறு ரகம். தோட்டத்துக் கோயிலில் மாதம் ஒரு பூசை, ஒன்பது மணிக்கு. மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். முதல் முடக்கிலேயே பெடியன்கள் புது ஆட்டோவை மந்திரிக்கச் சொல்லி நிறுத்துவார்கள். அடுத்த லயத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு தாய், "சாமி, புள்ள ராத்திரில பயந்து பயந்து அழுவுது, தலைல கைய வச்சிட்டுப் போங்க" என்பாள். அதற்கு மேலே ஓர் இழவு வீடு. அவர்கள் வேதக்காரர் இல்லை, ஆனாலும் தப்புச் சத்தம் கேட்கிற இடத்தில் இறங்காமல் போக அவருக்குக் கால் வராது. பூசை தொடங்கும்போது பதினொன்று. கோயிலில் யாருக்கும் கோபம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தமும் போனில் வந்து சேர்ந்துவிடும்: "சாமி இப்பதான் மூணாம் நம்பர் மலையில, ஆட்டோ முடிஞ்சிச்சு."

அன்றைக்குப் பிரசங்கம் மாற்கு ஐந்தாம் அதிகாரத்திலிருந்து. தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள், ஆண்டவர் அவசரமாகப் போகிறார். வழியில் பன்னிரண்டு வருஷமாக நோயோடு இருந்த ஒரு பெண் மேலாடையைத் தொடுகிறாள். ஆண்டவர் நின்று, தொட்டது யார் என்று விசாரித்து, அவள் கதை முழுவதையும் கேட்கிறார். சாமியார் அந்தப் பெண்ணைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற யாயீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு மணி நேரம் வாங்கில் காத்திருந்த நான் யாயீர் கட்சி. ஆனால் யாயீருக்கும் நட்டமில்லை. மகள் எழுந்து உட்கார்ந்தாள். அந்தத் தாமதத்தில் இரண்டு வீட்டுக்கும் நல்லது நடந்தது.

இத்தனை பேரையும் பார்த்த பிறகும் எனக்குப் பொருத்தமான பாதுகாவலரை லூக்கா பதினோராம் அதிகாரத்தில்தான் கண்டுபிடித்தேன். நடுச்சாமம். ஒருத்தன் வந்து சிநேகிதனின் கதவைத் தட்டுகிறான். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டான், மூன்று அப்பம் கடன் வேண்டுமாம். எங்கள் தோட்டத்துக் கணக்கில் மூன்று ரொட்டி. உள்ளே இருக்கிறவன், தொல்லை பண்ணாதே, கதவைப் பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்துவிட்டார்கள், எழுந்து வர முடியாது என்கிறான். ஒரே காம்பராவில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள்; சந்தேகமில்லை, லயத்து மனிதன்தான். கடைசியில் எழுந்து வருகிறான். அதுவும் சிநேகிதத்துக்காக இல்லை. இவன் விட மாட்டான் என்பதற்காக. ஆனால் கேட்டதைக் கொடுத்துவிடுகிறான். சந்தோசமாகக் கொடுத்தான் என்று எங்கும் எழுதியில்லை.

மத்தேயு இருபத்தோராம் அதிகாரத்து இரண்டு மகன்களும் அதே வரிசையில் வருகிறவர்கள்தான். தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொன்னதும் ஒருத்தன், "சரிங்கய்யா" என்றுவிட்டுப் போகவில்லை. மற்றவன் முடியாது என்று முறுக்கிக்கொண்டு, பிறகு போனான். நல்ல பெயர் வாங்கியது முறுக்கிக்கொண்டவன். பெரட்டுக்களத்தில் வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முதலாவது ரகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கங்காணிகளிடம் பார்த்திருக்கிறோம்.

மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரம் என்னைப் போன்ற பழைய வாத்தியாருக்கு முன்கூட்டியே வெளியான வினாத்தாள். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, தாகத்துக்குத் தண்ணி கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, நோயாளியையும் சிறையில் கிடந்தவனையும் போய்ப் பார்த்தாயா. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு கொடுத்தாய் என்று ஒரு கேள்வியும் இல்லை. முணுமுணுப்புக்குப் புள்ளி வெட்டுவதாகவும் இல்லை. திறந்தாயா, கொடுத்தாயா, அவ்வளவுதான்.

இந்த அரிய கண்டுபிடிப்பை மனைவியிடம் சொன்னேன். அவள் அதிகாரத்தை மறுக்கவில்லை. "முகத்துக்கு அங்க மார்க் இல்லாம இருக்கலாம்" என்றாள். "தேத்தண்ணி ஊத்துறது நான். இங்க இருக்கு."