மானுக்கு முழுப் புள்ளி

திருகோணமலையில் ஊடகம் படிப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. படம் பிடிக்க அலையத் தேவையில்லை. கமராவோடு டச் பே கடற்கரைக்குப் போனால் மானே வந்து போஸ் கொடுக்கும். முதல் செமஸ்டரில் "எமது ஊரைப் படமாக்குக" என்று ஒப்படை தந்தார்கள். வகுப்பில் பாதிப்பேர் மானோடு வந்தார்கள், மற்றவர்கள் கோணேசர் மலைச் சூரியனோடு. ஒருத்தி மட்டும் குப்பைக்குள் பொலித்தீன் தின்னும் மானைப் பிடித்து வந்தாள். உல்லாசப் பயணிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குப் புள்ளியைக் குறைத்தார்கள். சிரிக்கிற மானுக்கு முழுப் புள்ளி.

அமெரிக்காவின் வாட்டர்கேட் ஊழலை மட்டும் விரிவுரை விரிவுரையாகப் படித்தோம். 1974இல் நிக்சன் பதவியை விட்டுப் போனதுவரை எனக்குத் தலைகீழாகப் பாடம். அங்கே செய்தி வந்தது, ஜனாதிபதி போனார். எங்கள் ஊரில் படம் வந்தது, படம் எடுத்தவர் போனார். இந்த இரண்டாவது கதை பாடத்திட்டத்தில் இல்லை.

2006 ஜனவரி 2, காந்தி சிலையடிக் கடற்கரை. ஐந்து மாணவர்கள் செத்துக் கிடந்தார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. 'சுடர் ஒளி'யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சவச்சாலைக்குள் போய்ப் படம் எடுத்தார். தலையில் வெடிபட்ட காயம் பளிச்சென்று தெரிந்தது. அறிக்கையை மாற்றி எழுதலாம், மண்டையில் விழுந்த ஓட்டையை என்ன செய்வது? படம் பத்திரிகையில் வந்தது. மாணவர்கள் செத்த நாளிலிருந்து 22 நாள் பொறுத்தார்கள். ஜனவரி 24 காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றவரை ஆளுநர் செயலகத்துக்கு அருகிலேயே சுட்டுப் போட்டார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த மனுசன், பத்திரிகை அவருக்குப் பகுதிநேரம். சுட்டவர்களுக்கு அது முழுநேர வேலை போலும்.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி: இந்த ஆறுக்கும் பதில் இல்லாத செய்தி செய்தியே இல்லை என்று முதல் வாரமே ஓதினார்கள். சுகிர்தராஜன் விஷயத்தில் ஐந்துக்குப் பதில் ஊருக்கே தெரியும். 'யார்' என்ற ஒன்றுக்கு மட்டும் அரசாங்கங்கள் மாறி மாறி வந்தும் விடை எழுதப்படவில்லை. ஐந்து மாணவர் வழக்கோ 2019 ஜூலை வரை இழுபட்டு, விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேரும் விடுதலை. சாட்சியம் போதாதாம்! முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள். படமெடுத்த சாட்சி மண்ணுக்குள். எங்கிருந்து போதும்?

அதே 2006இல் உலக ஊடக சுதந்திர தினத்தைக் கொண்டாட யுனெஸ்கோ தேடிப்பிடித்த நகரம் எது தெரியுமா? கொழும்பு. மே 2ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 'உதயன்' 'சுடர் ஒளி'யின் கூடப்பிறந்த பத்திரிகை. விடிந்தால் சுதந்திர தினம்.

ஜனவரி 24க்கும் இந்த நாட்டுக்கும் என்ன பொருத்தமோ. 2010இல் அதே திகதியில்தான் ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். 2024இல் அதே திகதியில்தான் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆளைச் சுடுவது, ஆளையே இல்லாமல் ஆக்குவது, கடைசியில் வாயைக் கட்டச் சட்டம். தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பரீட்சையில் "ஊடகவியலாளரின் சமூகப் பொறுப்பு" என்று ஒரு கேள்வி. இதையெல்லாம் எழுதினேன். "பாடத்திட்டத்துக்கு வெளியே" என்று சிவப்பு மையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். பிறகு விரிவுரையாளர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா வாசிச்சிருக்கிறீர் தம்பி. ஆனா வீட்டில அம்மா இருக்கிறா தானே."

செமஸ்டர் முழுவதும் நான் கேட்டதில் இந்த நாட்டு ஊடகத்தைப் பற்றிய ஒரே விரிவுரை அதுதான். அதற்கு மட்டும் யாரும் வரவு எடுக்கவில்லை.