நாலாவது ஏன்

ஏதாவது கோளாறு வந்தால் டொயோட்டா கம்பெனியில் 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்பார்களாம். ஐந்தாவது பதிலில் வேர் அகப்பட்டுவிடும். எங்கள் பனியன் கம்பெனிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் இதைச் சொல்லி, மேனேஜர் அண்ணனையே கேட்க வைத்தார்.

டீ சர்ட்டில் ஏன் ஓட்டை? ஊசி மழுங்கிவிட்டது. ஏன் மழுங்கியது? மாற்றவில்லை. ஏன்? ஸ்டோரில் ஊசி இல்லை. ஏன்? பழைய பாக்கியை முடித்தால்தான் கடைக்காரர் தருவாராம். ஐந்தாவது ஏன் யார் அறைக் கதவைத் தட்டும் என்று செக்கிங் அக்காவுக்கும் தெரியும். அண்ணன் டீயை ஒரு மடக்கு குடித்தார். "நாலோட நிறுத்திக்கலாங்க. நம்முளது சின்ன யூனிட்டுதானுங்க."

அண்ணனிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: ஒன்றரை ஷிப்ட். துணி லேட்டா, ஒன்றரை ஷிப்ட். ஷேடு மாறிவிட்டதா, அதற்கும் ஒன்றரை ஷிப்ட். ஷேடு பார்க்க லைட் பாக்ஸ் இருக்கிறது. அண்ணன் அதில் பார்ப்பார், டியூப் லைட்டில் பார்ப்பார், வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்; எந்த வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதோ, அதுதான் சரியான வெளிச்சம்.

அண்ணனைப் போன்ற காங்கேயத்துக்காரர்களுக்கு முடிவெடுப்பதில் மேலிடம் சிவன்மலை முருகன் கோயில். முருகன் பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கனவு கண்டேன் என்றால் மட்டும் போதாது. சாமியிடம் பூ கேட்டு, வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும், கெடு கிடையாது. மண், தண்ணீர், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கின்றன. அதன் அர்த்தத்தை, ஏதாவது நடந்த பிறகு ஊர் கண்டுபிடிக்கும். எம்.பி.ஏ. படித்தவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கனவுக்கு யாரும் பூ கேட்பதில்லை.

ஒருமுறை ஷிப்மென்ட் இழுத்துக்கொண்டது. தூத்துக்குடி போய்க் கப்பலேறினால் பையர் கெடு தாண்டிவிடும். விமானத்தில் அனுப்பினால் லாபமும் அதோடு பறந்துவிடும். மூன்று மீட்டிங் போட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கோயிலுக்குப் போனார். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை ஒன்று எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் விமானம்.

வெள்ளைதான் வந்தது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"சாமி சரின்னுடுச்சுங்க தம்பி. மொதலாளிகிட்ட யாரு சொல்றதுங்க?"