ரெட்மண்ட் சமூகத்துக்கு ஒரு மேக்காரரின் மனு

பெறுநர்: மைக்ரோசாஃப்ட் தலைமையகம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: ஆப்பிள் மடிக்கணினியில் விஷுவல் ஸ்டூடியோ கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் சி ஷார்ப் மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவர்; அதற்கான கருவி விஷுவல் ஸ்டூடியோ ஓடுவது விண்டோஸில். கையில் இருப்பதோ மேக்புக். அவர் செய்த குற்றம் இவ்வளவுதான்.

இரு வீட்டாருக்கும் ஜென்மப் பகை என்று யாராவது சொன்னால் மனுதாரர் நம்புவதில்லை. எக்செல் பிறந்த வீடே மெக்கின்டாஷ்தான். 1985-இல் அங்கே வெளியாகி, 1987-இல்தான் விண்டோஸுக்குக் குடிவந்தது. 1997-இல் ஆப்பிள் தள்ளாடியபோது 15 கோடி டாலர் போட்டுத் தாங்கியதும் தாங்களே.

2006-இல் ஆப்பிள் பூட் கேம்ப் கொடுத்தது. இன்டெல் சில்லு இருந்தவரை மேக்கை அணைத்து விண்டோஸில் எழுப்பினால் போதும், விஷுவல் ஸ்டூடியோ முழுசாக ஓடியது. 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்தது, புது மேக்குகளில் பூட் கேம்ப் இல்லாமல் போனது. ஆப்பிளைக் கேட்டால், விண்டோஸை அனுப்புவது மைக்ரோசாஃப்டின் விருப்பம் என்றார்கள். தங்களைக் கேட்டால், அதற்கெல்லாம் ஆதரவு கிடையாது என்றீர்கள். வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் நடுவே பட்டா கேட்டு அலைகிறவரைப் போல மனுதாரர் அலைந்தார்.

2023 பிப்ரவரியில் அருள் பாலித்தீர்கள்: மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் டெஸ்க்டாப்பில் ஆர்ம் வகை விண்டோஸ் 11 ஓட அதிகாரபூர்வ அனுமதி. வேகத்தில் குறையில்லை; விஷுவல் ஸ்டூடியோ 2022 அதற்கு முந்தைய நவம்பரிலேயே ஆர்ம் சில்லுக்கென்று வந்துவிட்டது. பேரலல்ஸுக்குக் கட்டணம் தனி, விண்டோஸ் உரிமத்துக்குத் தனி என்பதை மட்டும் மனுதாரரின் மணிபர்ஸ் குறித்துக்கொண்டது.

இனி, மனுதாரர் உண்மையிலேயே கண்ணீர் விட்ட இடம். 2016-இல் ஸாமரின் நிறுவனத்தை வாங்கினீர்கள். அதன் கருவிக்குப் புதுப் பெயர் சூட்டி, 2017-இல் 'விஷுவல் ஸ்டூடியோ ஃபார் மேக்' என்று வெளியிட்டீர்கள். பெயரில்தான் விஷுவல் ஸ்டூடியோ, உள்ளே இருந்தது வேறு ஆள் என்றாலும் மனுதாரர் பழகிக்கொண்டார். 2022-இல் அதற்கு முகப்பையே மாற்றிக் கட்டினீர்கள். மறு ஆண்டு ஆகஸ்டிலேயே ஓய்வு அறிவிப்பு. 2024 ஆகஸ்ட் 31-இல் கதை முடிந்தது. போகும்போது ஆலோசனையும் சொன்னீர்கள்: தங்களின் இன்னொரு நிரல் கருவியான விஎஸ் கோடுக்கு மாறலாம், அல்லது மேக்குக்குள்ளேயோ மேகக்கணினியிலோ விண்டோஸை ஏற்றி அதில் விஷுவல் ஸ்டூடியோ ஓட்டலாம். அதாவது, மேக்காரருக்கு மருந்து விண்டோஸ்.

நன்றி மறக்கக் கூடாது. விஎஸ் கோடு இலவசம், நன்றாகவே ஓடுகிறது. சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டும் மேக்கில் சண்டித்தனம் செய்வதில்லை. ஆனால் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதிய பழைய பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பவர் என்ன செய்வார்? 2018 டிசம்பரில் அதன் மூலநிரலையே உலகுக்குத் திறந்துவிட்டீர்கள். யாரும் படிக்கலாம், ஓட்ட மட்டும் விண்டோஸ் வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரை மேய்க்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவும் அப்படியே. மேக்கில் அதற்கு மாற்றாக இருந்த அஸூர் டேட்டா ஸ்டூடியோவுக்கும் 2025 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்துவிட்டீர்கள்.

ஆப்பிளின் எக்ஸ்கோடு விண்டோஸில் ஓடுகிறதா என்று தாங்கள் திருப்பிக் கேட்கலாம். ஓடாதுதான். அந்த மனு குபெர்டினோவுக்குத் தனியாகப் போகிறது.

ஆகவே, மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவையாவது மேக்குக்கு அனுப்பி ஆவன செய்யுமாறு மனுதாரர் பணிவுடன் வேண்டுகிறார். அதற்கு வழியில்லையென்றால், மேக்குக்கென்று அடுத்த கருவியை வெளியிடும் அன்றே அதன் மூடுவிழாத் தேதியையும் சேர்த்து அறிவித்துவிடுங்கள்.