டம்ளரும் டீத்தூளும்: குரோம்புக் பிக்சல் குறித்து ஒரு விலையியல் ஆய்வு

2013 பிப்ரவரியில் கூகுள் 1,299 டாலருக்கு ஒரு மடிக்கணினியை வெளியிட்டது. பெயர் குரோம்புக் பிக்சல். திறந்தால் குரோம் உலாவி வரும். உலாவியை மூடினால்? மறுபடி உலாவியைத் திறக்கலாம். இப்பொருளுக்கு இவ்விலை தகுமா என்பதே நம் ஆய்வு வினா. துறை புதிது என்பதால் நெறியாளர் யாரும் அகப்படவில்லை.

தகாது என்பார் தரப்பை முதலில் கேட்போம். நாலு மாதம் முன்புதான் சாம்சங்கின் குரோம்புக் 249 டாலருக்கு வந்திருந்தது. இரண்டிலும் ஓடுவது அதே குரோம் ஓஎஸ். ஒரு பிக்சலின் விலைக்குச் சாம்சங் ஐந்து வாங்கிவிடலாம்; கையில் 54 டாலர் மிஞ்சும். பேட்டரியோ, பிக்சலுக்கு ஐந்து மணி நேரம், சாம்சங்குக்கு ஆறரை. விலை ஏற ஏறச் சார்ஜ் இறங்கும் என்று விதி செய்ய ஆசைதான். இரண்டே சான்றை வைத்து விதி செய்வது ஆய்வறம் ஆகாது.

தகும் என்பார் திரையைக் காட்டுவர். 12.85 அங்குலத்தில் 2560 × 1700 புள்ளிகள், அங்குலத்துக்கு 239. அன்றைய 13 அங்குல ரெட்டினா மேக்புக்கிலேயே 227தான். விகிதம் 3:2 என்பதால் படிக்கிற பக்கம் கூடுதலாகத் தெரியும். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே இந்தத் திரையை மெச்சினார். கூடவே, வழக்கமான லினக்ஸ் ஒன்றை இதில் ஏற்றப்போவதாகவும் சொன்னார். வீட்டைப் புகழ்ந்த விருந்தாளி, சமையலுக்கு மட்டும் தன் ஆளைக் கூட்டிவருகிறேன் என்றாற்போல.

'உலாவி மட்டும் போதுமா?' என்ற கடாவுக்கு விடை தேடி, என் சொந்த மடிக்கணினியை ஒரு நாள் முழுக்கக் கண்காணித்தேன். காலை முதல் இரவு வரை உலாவிக்கு வெளியே நான் செய்த வேலை ஒன்றே ஒன்று: கால்குலேட்டரில் 49.99-ஐ 36-ஆல் பெருக்கியது. அந்தப் பெருக்கல்தான் இவ்வாய்வின் உயிர்நாடி.

பிக்சல் வாங்கினால் கூகுள் டிரைவில் ஒரு டெராபைட் இடம் மூன்றாண்டுக்கு இலவசம் என்றார்கள். அப்போது அந்த இடத்துக்கு மாத வாடகை 49.99 டாலர். 36 மாதத்துக்கு 1,799 டாலர் 64 சென்ட். கணினியோ 1,299. ஆக, கணினிக்கு இடம் இலவசமில்லை. இடத்துக்குக் கணினி இலவசம், மேற்கொண்டு 500 டாலர் லாபம்! டீத்தூள் பாக்கெட்டோடு டம்ளர் தருவார்கள் அல்லவா, அந்த டம்ளர்தான் பிக்சல் என்று நிறுவியாயிற்று.

நிறுவி மை காய்வதற்குள், 2014 மார்ச்சில், அதே ஒரு டெராபைட்டின் வாடகையைக் கூகுளே 9.99 டாலராகக் குறைத்துவிட்டது. மூன்றாண்டுக்கு 360 டாலர்கூட இல்லை. என் கருதுகோளை இப்படிக் கவிழ்த்தது எந்தப் போட்டி ஆய்வாளரும் அல்லர், டீத்தூள் கடைக்காரரேதான்.

எஞ்சியிருப்பது மூடியின் மேலுள்ள ஒளிப்பட்டை. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என மெல்ல ஒளிரும். அதற்கென்று ஒரு வேலையும் கிடையாது. பழைய வீடியோ கேம் ரகசியமான கோனாமி வரிசையை, அதாவது மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று தட்டினால் வண்ணங்கள் கூத்தாடும். கூடத்து ஷோகேஸ் பொம்மையிடம் 'உனக்கு என்ன வேலை?' என்று நாம் கேட்பதில்லை; அதனால் இதையும் நான் கேட்கவில்லை. 2015-இல் வந்த அடுத்த பிக்சலில், மூடியை இருமுறை தட்டினால் பட்டை பேட்டரி அளவைக் காட்டியது. வேலை கிடைத்துவிட்டது, விலையும் 999 டாலருக்கு இறங்கிவிட்டது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது முனைவர் பட்டத்துக்கு உரிய தனித் தலைப்பு.

முதல் பிக்சலுக்குப் புதுப்பித்தல்கள் 2018-இல் நின்றன. ஆய்வின் முடிபு: திரைக்குத் தகும், உலாவிக்குத் தகாது. யாராவது பழைய பிக்சலை மலிவாகத் தந்தால் வாங்குங்கள், டோர்வால்ட்ஸ் சொன்னபடி லினக்ஸை ஏற்றிக்கொள்ளுங்கள். டம்ளர் நல்ல டம்ளர். டீத்தூளை மட்டும் கேட்காதீர்கள், அது தீர்ந்து வெகுகாலமாகிறது.