எண்ணெயா, வெண்ணெயா?

ரோமாபுரி. 1604 ஏப்ரலில் ஒரு மத்தியானம். ஓவியர் கரவாஜியோ கூட்டாளிகள் இரண்டு பேரோடு ‘மோரோ’ என்ற சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறார். வயது 32. கர்தினால்கள் காசைக் கொட்டிப் படம் வாங்கும் அளவுக்குப் பெயர். போலீஸ்காரர்கள் முகம் பார்த்தே அடையாளம் சொல்லும் அளவுக்கு இன்னொரு பெயர். சக ஓவியர் பக்லியோனேயை நாறடித்துப் பாட்டுக் கட்டி ஊரெல்லாம் உலவ விட்டதாக முந்தின வருடம்தான் உள்ளே போய் வந்திருந்தார்.

இத்தாலிச் சாப்பாடு என்றதும் தக்காளி சாஸில் முங்கிய பாஸ்தாவை நினைத்து நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். அங்கே தக்காளி சாஸுக்குச் செய்முறை அச்சேறியதே 1690களில்தான். மேசைக்கு வந்தது ஆர்ட்டிசோக். ஒரு முட்செடியின் மொட்டு. பசி முற்றியவன் எவனோ முதலில் தின்று பார்த்திருக்க வேண்டும். மொத்தம் எட்டு. நாலு வெண்ணெயில் வெந்தவை, நாலு எண்ணெயில் வெந்தவை. எட்டும் ஒரே தட்டில்! என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி சமையல்கட்டில் இருந்தவர். அவரை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

“எது வெண்ணெய், எது எண்ணெய்?” என்றார் ஓவியர். நியாயமான கேள்வி. ஆள் மிலான் பக்கத்துக்காரர். அங்கே வெண்ணெய் ராஜ்ஜியம். ரோமில் நடப்பது ஆலிவ் எண்ணெய் ஆட்சி.

“மோந்து பாருங்க, தெரிஞ்சிரும்” என்றார் சர்வர் பியெத்ரோ.

தட்டு பறந்தது. பியெத்ரோவின் இடது கன்னத்தில் போய் இறங்கியது. அதோடு விட்டாரா? கூட்டாளியின் வாளை எடுக்கவும் எழுந்தார். பியெத்ரோ அங்கிருந்து எடுத்த ஓட்டம் புகார் எழுதும் இடத்தில்தான் நின்றது.

இது பியெத்ரோவின் கட்சி. அதே கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நகல் எழுத்தர் சொன்ன சாட்சி வேறு மாதிரி. சர்வர் ‘மோந்து பாருங்க’ என்று சொல்லவில்லையாம். ‘தெரியலையே’ என்றபடி தானே ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து உறிஞ்சினாராம். ‘என்னை என்ன பொறுக்கிப்பயல் என்று நினைத்தாயா?’ என்று கரவாஜியோ கொதித்தாராம், நடுவில் அச்சிட முடியாத ஒரு வசவோடு. ஆக, வழக்கு எண்ணெயைப் பற்றியதல்ல, வெண்ணெயைப் பற்றியதுமல்ல. மோந்தது யார் மூக்கு என்பதுதான். என் ஓட்டு எழுத்தருக்கு. அடுத்தவன் மோந்த பண்டத்தைக் காசு கொடுத்துத் தின்ன எனக்கும் மனசு வராது. அதற்காகத் தட்டை வீசுவேனா என்பது வேறு விஷயம்.

இதே கரவாஜியோ 1601இல், இயேசு ஒரு விடுதியில் சாப்பிடும் ‘எம்மாவுஸ் இரவுணவு’ என்ற படத்தை வரைந்திருந்தார். இயேசுவின் பக்கத்தில் கடைக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். மேசை விளிம்பில் பழக்கூடை, இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று தொங்குகிறது. 1606 மே மாதம் ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடி ஒளிந்த பிறகு அதே காட்சியை மறுபடி வரைந்தார். இந்த முறை பழக்கூடை கிடையாது. புதிதாக, கடைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு கிழவி. கையில் ஆட்டு இறைச்சித் தட்டு. அதை அவள் இன்னும் மேசையில் வைக்கவில்லை. விவரமானவள்.